தகரத்தின் வயது

2020 மார்ச் மாதம் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. டொலரைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது. சில மாதங்களில் நீங்கிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360 வரை ஏறியது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று நாடே கைவிரித்தது. ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை வந்தது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்குத் தடை நீங்கியதோ 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான்.

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டில் பெரும்பாலும் எவரும் பழைய வாகனத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலில் வந்திறங்கிய ஒன்றை வாங்க முடியவில்லை. எந்த ஆய்வாளரும் திட்டமிட்டு நடத்த முடியாத பெரும் பரிசோதனை இது. இருப்பதைத் திருத்தி ஓட்டு, வேறு வழியில்லை என்று இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குச் சொல்லியாயிற்று. இயந்திரம் எவ்வளவு காலம் தாங்கும், எது முதலில் தோற்கும் என்பதற்கான விடை ஒவ்வொரு ஊரின் கராஜிலும் எழுதப்பட்டது. அம்பாறைக் கரையில் அந்த விடை கொஞ்சம் வேறாக இருந்தது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஏ4 வீதியோடு கோத்து நிற்கும் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலம். ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடும். கட்டார் போகும் மகனைக் கட்டுநாயக்காவில் ஏற்றிவிடுவதென்றால் அம்பாறை, மகியங்கனை, கண்டி என்று 300 கிலோமீற்றருக்கு மேல் வீதியால்தான் போக வேண்டும், நடுவில் பதினெட்டு வளைவு ஏற வேண்டும். அதனால் இங்கே வேன் என்பது வசதி அல்ல, தேவை. டொல்பின் என்று நாம் அழைக்கும் பழைய டொயோட்டா ஹையேஸ்கள் இந்தக் கரையில் இத்தனை காலம் ஓடுவதற்கு அதுவே காரணம். அவற்றின் 3எல் டீசல் எஞ்சினைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றிப் பூட்டக்கூடிய பாஸ்மார் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

தடை நீங்கியதும் பழைய கேள்வி திரும்பி வந்தது. மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய வாகனத்துக்கு இன்னும் செலவழிப்பதா, இத்தோடு கைமாற்றுவதா? வீட்டுக்கு வீடு இதைப் பேசுகிறார்கள். பேச்சு எப்போதும் இரண்டு எண்களைச் சுற்றித்தான் நடக்கிறது: மீற்றரில் உள்ள கிலோமீற்றர், கராஜில் கேட்ட காசு. இரண்டுமே தவறான எண்கள் என்று நான் கருதுகிறேன்.

இந்தக் கேள்வியை அறிவியல் எப்படிப் பார்த்தது என்பதற்கு அமெரிக்காவின் மேடிசன் நகருக்குப் போக வேண்டும். அந்நகரப் பேருந்துச் சேவையின் பராமரிப்புப் பொறுப்பாளர் ஹரல்ட் சர்ச்சர். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு பஸ்ஸின் மைலேஜ் கணக்கையும் பார்ப்பார். இந்த எஞ்சின் இன்னும் ஓடட்டும், அந்த எஞ்சினை இறக்கிவிடுவோம் என்று முடிவெடுப்பார். பத்தாண்டுக்கால ஏடுகளை எடுத்து, இந்த மனிதரின் மனதில் ஓடிய கணக்கு என்னவாக இருக்கும் என்று தேடினார் ஜோன் ரஸ்ட் என்ற பொருளியலாளர். 1987இல் வெளியான அவருடைய கட்டுரை, முடிவெடுத்தலைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் பாடமாகப் படிக்கப்படுகிறது. சர்ச்சர் எஞ்சின்களை மாற்றியது பெரும்பாலும் இரண்டு இலட்சம் மைலுக்கு அண்மையில், அதாவது மூன்று இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிய பிறகு.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படும் விடயங்கள் இரண்டு. ஒன்று, சர்ச்சரின் கணக்கு திருத்தச் செலவோடு நிற்கவில்லை. நடுவழியில் பஸ் நின்றால் பயணிகளுக்கு நேரும் அலைச்சல், அவர்கள் இழக்கும் நம்பிக்கை, அதுவும் ஒரு செலவாக உள்ளே இருந்தது. இரண்டு, அவர் மாற்றியது எஞ்சினை, பஸ்ஸை அல்ல. இயந்திரத்தை மாற்றுவது பற்றிய உலகப் புகழ்பெற்ற ஆய்வு, வாகனத்தை வைத்துக்கொண்டு அதன் எஞ்சினை மட்டும் மாற்றிய ஒருவரைப் பற்றியது.

முதல் விடயத்தை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கும் வேன் சந்தியில் நின்றால் பத்து நிமிடத்தில் பாஸ் வந்துவிடுவார். அதே வேன் விமானத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகையில் இரவு இரண்டு மணிக்குப் பதினெட்டு வளைவில் நின்றால்? பழுது ஒன்றுதான், இழப்பு நூறு மடங்கு. டிக்கெட் போகும், விசா நாள் தவறும். ஆகவே "இந்த வாகனம் இன்னும் உழைக்குமா" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வேலைக்கு உழைக்கும் என்று கேட்க வேண்டும். தூர ஹயருக்கு நம்ப முடியாத வேன் ஊர் ஓட்டத்துக்கு இன்னும் ஐந்து வருடம் தாராளமாகப் போகும். விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் இடையில் வேலையை இலேசாக்குவது என்ற மூன்றாவது வழி ஒன்று உண்டு. கணக்குப் பார்ப்போர் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இனிக் காசுக் கணக்கு. வாகனத்தின் உண்மையான ஆண்டுச் செலவு கராஜ் பில் அல்ல. ஓர் ஆண்டில் அதன் சந்தை விலை எவ்வளவு குறைந்தது, அதற்குப் போட்ட காசு வேறு தொழிலில் எவ்வளவு ஈட்டியிருக்கும், அதோடு திருத்தமும் எரிபொருளும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய காருக்கு இன்று 35 இலட்சம் தருவார்கள், அடுத்த வருடம் 33. திருத்தம் வருடத்துக்கு 3 இலட்சம். பழைய எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் எரிபொருள் 50 ஆயிரம். மொத்தம் ஐந்தரை இலட்சம். புதிதாக வந்த ஒன்று 90 இலட்சம். எட்டு வருடத்தில் 50க்கு விற்கலாம் என்றால் ஆண்டுக்கு 5 இலட்சம் தேய்வு. திருத்தம் ஒரு இலட்சம். மேலதிகமாக முடங்கும் 55 இலட்சத்தைக் கடையில் போட்டிருந்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு என்றாலும் 4 இலட்சத்து 40 ஆயிரம் இலாபம். மொத்தம் 10 இலட்சத்து 40 ஆயிரம். அதாவது பழைய காருக்கு இப்போது செலவாகும் 3 இலட்சத்துக்கு மேல் இன்னும் ஐந்து இலட்சம் அளவுக்குத் திருத்தம் வந்தால்தான் இரண்டும் சமமாகும். கராஜில் ஒரே தடவையில் 4 இலட்சம் கேட்டதும் "இனி இது சரிவராது" என்று விற்க ஓடுபவர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். லீசிங்கில் எடுத்தால் வட்டி இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கும். வட்டியைத் தவிர்த்து இஜாரா முறையில் எடுப்பவருக்கும் மாத வாடகை என்ற பெயரில் ஒரு செலவு உண்டு, அதையும் எழுத வேண்டும். இறக்குமதி வரியோ பல வாகனங்களுக்கு மூல விலையையே தாண்டிப் போகிறது. வரி குறைந்த நாட்டில் "மாற்று" என்று சொல்லும் அதே கணக்கு இங்கே "திருத்து" என்று சொல்வதற்கு அதுவும் காரணம். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான். இந்தக் கணக்கில் இன்னொரு எண்ணுக்கும் இடமில்லை: இதுவரை அந்தக் காருக்குச் செலவழித்த தொகை. போன வருடம் கியர் பொக்ஸுக்குப் போட்ட இரண்டு இலட்சம் போனதுதான். இனி என்ன ஆகும் என்பதை அது மாற்றாது.

"சரி, ஆனால் ஒன்றைச் செய்தால் இன்னொன்று வருகிறதே காக்கா" என்பார்கள். நியாயமான கவலை. ரேடியேட்டரைச் செய்தால் ஷொக் அப்சோபர், அதைச் செய்தால் கிளச். பழைய வாகனம் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும், முடிவே இல்லை என்று தோன்றும். இந்தத் தோற்றம் எவ்வளவு உண்மை என்பதை 1960இல் ருடோல்ஃப் டிரெனிக் என்ற கணிதவியலாளர் ஆராய்ந்தார். அவர் நிறுவியது எல்லோரும் நினைப்பதற்கு மாறானது.

புதிய வாகனத்தில் எல்லாப் பாகங்களும் ஒரே நாளில் பிறந்தவை. ஆகவே சில வருடம் ஒன்றும் நேராது. பிறகு, ஏறத்தாழ ஒரே ஆயுள் கொண்ட பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். ஒன்றரை இலட்சம் கிலோமீற்றருக்கும் இரண்டரை இலட்சத்துக்கும் நடுவில் பலர் படும் பாடு அதுதான். ஆனால் அந்த அலை ஓய்ந்த பின் என்ன நடக்கிறது? மாற்றிய பாகங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் பிறந்தவை. ஒன்று புதிது, ஒன்று இரண்டு வருடம் பழையது, ஒன்று ஆறு வருடம். வயதுகள் கலந்துவிடுகின்றன. அதன் பிறகு பழுது வரும் வீதம் ஏறிக்கொண்டே போவதில்லை, ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. 20 பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் சராசரி ஆயுள் 10 வருடம் என்றால் வருடத்துக்கு இரண்டு பழுது. வாகனத்துக்கு 20 வயதானாலும் 40 வயதானாலும் அதே இரண்டுதான்.

இதிலிருந்து ஒரு கசப்பான உண்மை தெரிகிறது. பெரும்பாலானோர் தங்கள் வாகனத்தை விற்பது அந்த அலையின் உச்சியில். எல்லாவற்றுக்கும் செலவழித்து முடித்து, சலித்துப்போய்க் கொடுக்கிறார்கள். அமைதியான காலத்தை அனுபவிப்பவர் வாங்கியவர்.

டிரெனிக்கின் கணக்குக்கு நிபந்தனைகள் உண்டு. போடும் பாகம் கழற்றிய பாகத்தின் அளவு உழைக்க வேண்டும். கொழும்பின் பஞ்சிகாவத்தையில் ஒரிஜினலும் கிடைக்கும், அதன் பெட்டியில் அடைத்த டூப்ளிகேட்டும் கிடைக்கும். ஆயுள் பாதியான பாகத்தைப் போட்டால் பழுது இரட்டிப்பாகும், கணிதம் அதையும் ஒளிக்காமல் சொல்கிறது. இரண்டாவது, கழற்றாமல் இருப்பதும் ஒரு பராமரிப்பு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடலோர விமானப்படைக்கு ஆய்வு செய்த வாடிங்டன் ஒன்றைக் கண்டார். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யும் கட்டாயச் சோதனைக்குப் பிந்திய மணிகளில்தான் விமானங்களில் பழுது கூடியிருந்தது, போகப் போகக் குறைந்தது. நன்றாக இருந்ததைக் கழற்றிப் பூட்டியதே பல பழுதுக்குக் காரணம். ஓடுகிற எஞ்சினை "ஒருக்கா திறந்து பார்ப்போம்" என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது நிபந்தனைதான் இந்தக் கரைக்கு உயிரான விடயம். பாகம் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

எஞ்சினை மாற்றலாம், ஜப்பானில் கழற்றியது கப்பலில் வருகிறது. கியர் பொக்ஸ், டிஃபரன்ஷல், ஸ்டியரிங், இருக்கை, கண்ணாடி எல்லாம் மாற்றலாம். மாற்ற முடியாதது ஒன்றே ஒன்று: பொடி. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பார்வையும் அதுதான். எஞ்சினை மாற்றிப் பதியலாம், ஆனால் செசி இலக்கம்தான் வாகனத்தின் அடையாளம். லொறிக்கு அடியில் பல மில்லிமீற்றர் தடித்த செசிச் சட்டம் தனியாக ஓடும். இன்றைய கார்களுக்கு அப்படி ஒன்று இல்லை. பெட்டியாக மடித்து ஆயிரக்கணக்கான புள்ளிகளில் வெல்ட் செய்த மெல்லிய தகரம்தான் அதன் எலும்பு. தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே. மற்ற எதற்கும் ஆயுள் புதுப்பிக்கலாம், இதற்கு முடியாது. ஆகவே நன்றாகத் திருத்தி ஓட்டும் வாகனத்தின் வயது மீற்றரில் இல்லை, தகரத்தில் இருக்கிறது. மீற்றரைத் திருப்பி வைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தனிக் கதை.

இந்தத் தகரத்துக்குக் கல்முனையில் என்ன நடக்கிறது? அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து நுண்ணிய உப்புத் துளிகள் காற்றில் ஏறுகின்றன. கச்சான் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் ஓரளவு தப்பிக்கிறோம். வாடை தொடங்கியதும் நிலைமை மாறும். நவம்பர் முதல் கடல் பக்கத்துக் காற்று உப்பையும் மழையையும் சேர்த்து ஊருக்குள் கொண்டுவருகிறது. கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் உப்புப் படிவு மிக அதிகம், உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். கடற்கரை வீதியில் நிற்கும் காருக்கும் உள்ளே சம்மாந்துறையில் நிற்கும் காருக்கும் ஒரே வயது இல்லை.

உப்பு இரும்பைத் தின்பதில்லை. அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, அதுதான் ஆபத்து. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால்தான் தானாகக் கசிந்து நீராகும். கடல் உப்பிலோ மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது நூற்றுக்கு 33லேயே கசியத் தொடங்கிவிடும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. அதாவது காய்ந்ததாகக் கண்ணுக்குத் தெரியும் கார், உப்புப் படிந்த இடங்களில் நாள் முழுவதும் நனைந்தே இருக்கிறது.

நனைந்த இரும்பில் மின்சாரம் ஓடும். இரும்பு அணு தன் எலெக்ட்ரோன்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. வேறோர் இடத்தில் காற்றின் ஒட்சிசன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. கேம்பிரிட்ஜில் உலிக் எவன்ஸ் 1920களில் இதை ஒரே ஒரு துளி உப்பு நீரைக் கொண்டு காட்டினார். மெருகிட்ட இரும்பில் துளியை விட்டால் அரிப்பு எங்கே நடக்கும்? காற்றுப் படும் விளிம்பில் என்றுதான் யாரும் சொல்வோம். நடப்பது நடுவில். ஒட்சிசன் அதிகம் கிடைக்கும் விளிம்பு தப்பித்துக்கொள்கிறது, ஒட்சிசன் எட்டாத நடுப்பகுதி கரைந்து குழியாகிறது.

இந்தச் சின்னச் சோதனை காரைப் பற்றிச் சொல்வது மிகப் பெரிய செய்தி. காற்றுப் படாத இடம்தான் உக்கும். மட்கார்டுக்குள் அப்பியிருக்கும் சேற்றுக்குப் பின்னால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தின் உட்புறம், ரப்பர் விரிப்புக்கு அடியில், இரண்டு தகரம் சேரும் மடிப்பில். வெளியே பளபளக்கும் பெயின்ட் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல. துருவாக மாறும் இரும்பு குறைந்தது இரண்டு மடங்காக வீங்குவதால் மடிப்பைப் பிளந்து இன்னும் ஈரத்துக்கு வழி விடுகிறது. குளோரைட் இந்த வேலையில் செலவாகி முடிவதும் இல்லை. துருவுக்குள்ளேயே தங்கி மறுபடி மறுபடி வேலை செய்யும். துருவைச் சுரண்டாமல் மேலே பெயின்ட் அடிப்பது காசை எரிப்பதற்குச் சமம்.

வேகத்துக்கும் ஓர் அளவு உண்டு. சர்வதேசத் தரம் காற்றின் அரிக்கும் தன்மையை வகுத்திருக்கிறது. கடுமையான கடலோரக் காற்று சேரும் சி5 வகுப்பில், பூச்சு எதுவும் இல்லாத சாதாரண இரும்பு முதல் வருடம் 80 முதல் 200 மைக்ரோமீற்றர் வரை இழக்கும். 800 மைக்ரோமீற்றர் தகரத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் வேகம் பின்னர் குறையும். ஈரச் சேறு அப்பிய மடிப்பில் அந்தச் சலுகையும் இல்லை. நாகப் பூச்சும் பெயின்ட்டும் இருக்கும்வரைதான் பாதுகாப்பு. ஒரு கல் தெறித்து உரசிய இடத்திலிருந்து கணக்குத் தொடங்கிவிடும்.

சாய்ந்தமருதில் மீன் ஏற்றும் கூலர் லொறிகளையும் பின்னால் மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்களையும் கவனியுங்கள். அங்கே காற்றைக்கூட எதிர்பார்க்க வேண்டாம், ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் நேராகவே சட்டத்தில் சொட்டுகிறது. எஞ்சின் நன்றாக இருக்கையிலேயே பின்பக்கம் விழுந்துவிடும்.

இதற்கு நேரெதிரானது சம்மாந்துறை வயலில் நிற்கிறது. மெசி 135 உழவு இயந்திரம் 1964இல் தயாராகத் தொடங்கியது. அரை நூற்றாண்டு கடந்தும் இந்தப் பிரதேசத்தில் உழுதுகொண்டிருக்கிறது. பிரித்தானியப் பொறியியல் பெருமை என்று சொல்வார்கள். எனக்கு அதன் உடம்புதான் காரணமாகப் படுகிறது. எஞ்சின், கியர் பொக்ஸ், பின் அச்சு மூன்றும் தடித்த வார்ப்பிரும்பில் செய்து ஒன்றோடொன்று பூட்டியவை. அவையேதான் சட்டமும். உக்குவதற்கு மெல்லிய தகரமாக இருப்பது மட்கார்டும் மூடியும் மட்டுமே, அவற்றைக் கழற்றி எறிந்தாலும் உழும். மாற்ற முடியாதது உக்காது, உக்குவது மாற்றக்கூடியது. டிரெனிக்கின் நிபந்தனை முழுதாக நிறைவேறிய இயந்திரம் அது.

தகரம்தான் பிரச்சினை என்பது நமக்கு மட்டுமல்ல. இங்கிலாந்தின் பாத் நகரில் 1970களில் சார்ள்ஸ் வேர் என்பவர் மொரிஸ் மைனர் கார்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். புதிய காரின் விலைத் தேய்வுக்குப் போகும் காசை ஆண்டுதோறும் பழைய காருக்குத் திட்டமிட்டுச் செலவழித்தால் அது முடிவில்லாமல் ஓடும் என்பது அவர் வாதம். 1982இல் அதை நூலாகவும் எழுதினார். பின்னாளில் அந்த வாதத்துக்குக் கைகொடுத்தது இலங்கை. மொரிஸ் மைனருக்கான பாகங்களை இங்கே செய்து அங்கே அனுப்பினார்கள். அவற்றில் முக்கியமானவை எஞ்சின் பாகங்கள் அல்ல, தகரங்கள். குளிர்நாட்டு வீதிகளில் பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். நமக்குக் கடல் செய்வதை அவர்களுக்கு மாநகர சபை செய்கிறது.

ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு ஒரு விடயம் தனியாகச் சொல்ல வேண்டும். 2012ஐ ஒட்டிய வருடங்களில் வரிச் சலுகையில் வந்து குவிந்த டொயோட்டா அக்வாக்களின் பெட்டரி இப்போது கேள்வியாகியிருக்கிறது. அதில் 7.2 வோல்ட் கட்டைகள் 20, வரிசையாகக் கோத்து 144 வோல்ட். ஒன்று செத்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று போட்டுத் தருகிறார்கள், செலவு குறைவு. பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றலாம் என்று இவ்வளவு நேரம் சொன்ன நான் இங்கே அதை ஏற்க மாட்டேன். டிரெனிக்கின் கணக்கில் பாகங்கள் ஒன்றையொன்று சாராதவை. ரேடியேட்டர் போனால் கிளச்சுக்கு ஒன்றும் இல்லை. பெட்டரிக் கட்டைகளோ ஒரே வயது, ஒரே சூடு, ஒரே மின்னோட்டம். ஒன்று போனது மற்றப் பத்தொன்பதும் போகப் போகின்றன என்பதற்கு அறிகுறி. கொள்ளளவு கூடிய புதியதும் குறைந்த பழையதும் ஒரே வரிசையில் இருந்தால் பலவீனமானது ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டி வெறுமையாகி இன்னும் விரைவில் கெடும். வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் முழுதாக மாற்றுங்கள். பின் இருக்கைக்கு அருகில் உள்ள காற்று வாயில் அடைத்திருக்கும் தூசியைத் தவறாமல் சுத்தம் செய்யுங்கள், வெப்பம்தான் அதன் முதல் எதிரி.

இனி முடிவெடுக்கும் ஒழுங்கு. என் கருத்தில் அது கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் வாகனத்தை உயர்த்தி அடியைப் பாருங்கள். எஞ்சின் பாஸைக் கூப்பிடும் முன் டிங்கர் பாஸைக் கூப்பிடுங்கள். திருகாணிச் சாவியின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், உக்கியது மந்தமாகச் சத்தம் தரும். அழுத்தினால் உள்ளே போகும். ரப்பர் விரிப்பைத் தூக்குங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பக்கவாட்டில் ஓட்டுங்கள். பட்டி அப்பிய இடத்தில் பிடிக்காது. பட்டி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் அதற்குப் பின்னால் நல்ல தகரம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கதவு, மட்கார்ட், பொனட் உக்கியிருந்தால் கவலையில்லை, பழையது வாங்கி மாட்டலாம். ஷொக் அப்சோபர் பிடிக்கும் கோபுரம், பின் ஸ்பிரிங் கட்டும் இடம், இருக்கைப் பட்டியின் ஆணி இறங்கும் தரை, கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டிச் சட்டம் ஆகிய நான்கும் வேறு. மோதலின் விசையைத் தாங்குவது இவைதான். இவற்றில் ஒன்றிரண்டு இடத்தில் உக்கல் என்றால் வெட்டி, சம தடிப்பில் புதுத் தகரம் வைத்து வெல்ட் செய்யலாம். பல இடத்தில் என்றால் அந்த வாகனத்தின் காலம் முடிந்தது, எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் சரி.

அடி நன்றாக இருந்தால் மட்டும் எஞ்சினுக்கு வாருங்கள். ஒயில் குடிக்கிறது, புகைப் பரிசோதனையில் நிற்கவில்லை என்றதும் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. முதலில் கொம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் வேறுபாடு பெரிதாக இருந்தால், பெற்றோல் எஞ்சின் என்றால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்க்கலாம். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். அரை மணி நேரச் சோதனை, சில இலட்சங்களைக் காப்பாற்றும். டொல்பினின் 3எல் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட்டை ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் உதவாது.

தகரத்தின் ஆயுளைக் கூட்டும் வேலை மிக மலிவானது. வாடை காலத்தில் வாரம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியிருக்கிறது, 2004 சுனாமி இந்தக் கரையின் கிணறுகளை எப்படிப் பாழாக்கியது என்பது நமக்குத் தெரியும். உவர் நீரில் கழுவுவது உப்பைப் பூசுவதுதான். குழாய் நீரைப் பயன்படுத்துங்கள். கதவின் அடியிலும் பெட்டிச் சட்டத்திலும் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் அண்டர்கோட் அடிக்கச் சொல்லும் முன் கழுவிக் காயவிட்டார்களா என்று நின்று பாருங்கள். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு எவன்ஸின் துளியை உள்ளே வைத்து மூடுவதற்குச் சமம்.

கடைசியாக, உக்கிப்போன வாகனத்தை என்ன செய்வது என்ற கேள்வி. பட்டி பிடித்து, பெயின்ட் அடித்து, நம்பரைச் சொல்லி வெளியூர்க்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்ற ஆசை வரும். இறக்குமதி இல்லாத காலத்தில் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகவே விற்றுப் பழகிவிட்டோம். ஆனால் இருக்கைப் பட்டி பிடிக்கும் தரை உக்கிய வேனில் நாளை ஏறப்போவது யாரோ ஒருவருடைய பிள்ளைகள். குறையை மறைத்து விற்பது ஹராம் என்று இந்த ஊர்களில் எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வாகனத்தை உடைத்து எஞ்சினாக, கியர் பொக்ஸாக, கதவாக, கண்ணாடியாகப் பிரித்து விற்றுவிடுங்கள். உங்களுக்கும் காசு வரும், அடி நல்ல இன்னொரு வாகனம் இன்னும் பத்து வருடம் ஓடும்.